ஏற்றத்தில் இரண்டு சோடி

மச்சான்,

என் கட்டைவிரல் நீலமாக இருக்கிறது. தாளில் அங்கங்கே பட்டு, எழுத்தைவிட மைதான் அதிகம் தெரிகிறது. இந்த மை எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ சிரிக்க வேண்டிய செய்தி: இதை எழுதுவது நானேதான்! அறுபது வயதுக்கு மேல் எழுத்துப் படித்துவிட்டேன். மருமகள் தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் எழுதிக் காட்டுவாள். அதன்மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பழகினேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. அதனால் என்ன? நீயும் இனி எங்கேயும் வண்டி பூட்டப் போவதில்லை. மெதுவாகவே எழுதுகிறேன்.

மை படிந்த விரலைப் பார்த்ததும் உன் விரல்தான் ஞாபகம் வந்தது.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலையை அதுவரை ஏற்றிப்போவதும், திரும்பும்போது பதுளைக் கடைகளுக்கு அரிசி கொண்டுவருவதும்தான் நம் பிழைப்பு. ஹாலிஎல தாண்டி வரும் ஏற்றத்தைப் பாரத்தோடு ஒரு சோடி மாடு இழுக்காது. ஒரு வண்டியை அடியில் நிறுத்திவிட்டு, இரண்டு சோடியையும் மற்ற வண்டியில் ஒன்றன்முன் ஒன்றாகப் பூட்டி மேலே ஏற்றுவோம். பிறகு மாடுகளைக் கீழே ஓட்டிவந்து அடுத்த வண்டியில் பூட்டுவோம். ஒருவன் பெட்டிகளுக்குக் காவல். மற்றவன் இரண்டு பேர் மாட்டையும் ஓட்டுவான். கட்டிய மனைவி கையில்கூட மாட்டுக்கயிற்றைக் கொடுக்காத ஆட்கள் நாம். ஆனாலும் என் மாடுகளின் கயிறு எத்தனையோ வருஷம் உன் கையில் இருந்தது. என் வலத்துமாடு நான் கூப்பிட்டால் சும்மா நிற்கும். உன் குரல் கேட்டால் காதை ஆட்டும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்தச் சமயத்தில் கடைத்தெருவில் கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் மேசைமேல் ஏறி நின்று, போக்குவரத்தைப் பற்றித் தங்கள் கட்சியின் கொள்கையை வாசித்தார். ரயில் பாதி வழியில் நிற்கக் கூடாது, பதுளைவரை வர வேண்டும், நாடு முழுவதற்கும் ஒரே நியாயம் வேண்டும் என்றார். அரசாங்கத்துக்கு அனுப்ப, கோரிக்கை எழுதிய மகஜர் ஒன்று வைத்திருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள்.

வண்டிப்பேட்டையில் நாம் கூடிப் பேசினோம். ரயில் வந்தால் நம் கதி என்ன? ஒருவரும் விரல் வைப்பதில்லை என்று அவரவர் மாட்டின் கொம்பைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். நீயும் தொட்டாய்.

இரண்டு நாள் கழித்து, ஏற்றத்தின் அடியில், நீ பூட்டாங்கயிறு கட்டும்போது பார்த்தேன்.

“வெரல்ல என்னா மச்சான்?”

“நாவப்பழம் தின்னேன்.”

“இந்தக் குளிர்ல எந்த மரத்துல பறிச்ச?”

பொய் சொல்ல உனக்கு எப்போதுமே வராது. கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாய்.

“ஆமா, வெச்சேன். இப்ப என்னாங்கிற?”

“எல்லார் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேடா! கொம்பத் தொட்டியே!”

“கொம்பத் தொட்டப்பதான் கீழ அதோட முட்டியப் பாத்தேன்.”

அதற்கு முந்தின மாதம் அதே ஏற்றத்தில் உன் இடத்துமாடு விழுந்திருந்தது. முழங்காலில் புண் ஆறவே இல்லை.

“வேணாம்னு சொல்ல நமக்கு வாய் இருக்கு, வெரல் இருக்கு. மாட்டுக்கு ஏதுடா கட்டைவெரல்? அதுக்குப் பதிலா நான் வெச்சேன்.”

நீ சொன்னது நியாயம் என்பதாலேயே எனக்குக் கோபம் ஏறியது. என் சோடியை அவிழ்த்து என் வண்டியில் பூட்டினேன். உன்னைக் கீழேயே விட்டுவிட்டுத் தனியாக ஏற்றினேன்.

இரண்டாவது வளைவில் வலத்துமாடு முட்டி போட்டது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. சக்கரத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் பள்ளத்தைப் பார்த்தபடி, “முருகா! முருகா!” என்று கத்தினேன். உன்னைக் கூப்பிட ரோஷம் விடவில்லை. உன் வண்டியையும் பெட்டிகளையும் காவலில்லாமல் விட்டுவிட்டு, உன் சோடியை ஓட்டிக்கொண்டு ஓடி வந்தாய். புண்ணோடு நொண்டிக்கொண்டு அந்த மாடும் வந்தது.

“கூப்புட்டா முருகனா வந்து வண்டி தள்ளுவாரு? கல்ல எடுத்து சக்கரத்துக்கு வையிடா!”

வைத்தேன். ஏறினோம். அதன்பிறகு பேட்டையில் உன் விரலைப் பார்த்த சிலர், நீ அந்தப் பக்கம் போனதும் என்னிடம் முறைத்தபோது, “நாவப்பழம். நானுந்தான் தின்னேன்” என்று நானே சொன்னேன். இது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் ரயில் பதுளைக்கு வந்தது. நாம் பயந்தது பொய்யில்லை. பேட்டையில் பாதிப் பேர் வண்டியை விற்றுவிட்டார்கள். சிலர் தோட்டத்தில் பேர் பதிந்து மண்வெட்டி பிடித்தார்கள். நான் தப்பினேன். கடைத்தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே மூட்டை ஏற்றுகிறேன். அந்த ஓட்டத்துக்கு ஒரு சோடியே போதும். இப்போதுள்ள மாட்டின் முட்டியில் ஒரு தழும்புகூட இல்லை. குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன்.

இன்று காலை ஸ்டேஷன் வாசலில் மறுபடியும் கட்சிக்காரர்கள். வேறு ஆட்கள், வேறு மகஜர். மூன்றாம் வகுப்புக் கட்டணம் குறைய வேண்டும், தோட்டங்களிலிருந்து வரும் வண்டிப் பாதைகளைச் செப்பனிட வேண்டும் என்று வாசித்தார்கள். ஒரு பையன் மைப்பெட்டியை நீட்டினான்.

“தாத்தா, வெரலக் குடுங்க.”

“பேனாவக் குடுங்க தம்பி.”

முத்துக்கருப்பன் என்று எழுதி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள், “ஐயா, அடுத்த ரயிலே வந்துரும்!” என்று சத்தம் போட்டார்கள். வரட்டும் என்று கடைசிப் புள்ளியையும் நிதானமாக வைத்தேன். பிறகு கட்டைவிரலை மையில் தோய்த்து, என் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினேன்.

“கையெழுத்துப் போட்டாச்சே, இது எதுக்குத் தாத்தா?”

“அது எனக்கு. இது மாட்டுக்கு.”

பையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்தாள், விரலைத் தேய்த்துக் கழுவச் சொன்னாள். வேண்டாம் என்றேன். நாளைக்குப் பேட்டையில் யாராவது கேட்டால், நாவப்பழம் தின்றேன் என்று சொல்லிக்கொள்வேன்.