இருட்டுத் திரையில் உன் கைகள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீ நலமா, விடுதிச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாயா, முதலில் அதற்குப் பதில் போடு. தினமும் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டானே என்று பயந்துவிடாதே. போனில் தட்டினால் எனக்கு நாலு வரிக்கு மேல் வராது, உனக்குத் தெரியும். பிரஸ்ஸில் பைண்டிங் மேசையில் வெட்டி மிஞ்சிய நல்ல தாள் இது. சொல்ல வந்த விஷயத்துக்கு இவ்வளவு தாள் வேண்டும்.

போன வாரம் கேட்டிருந்தாய், பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் படித்துக்கொண்டே பெற்ற மகளோடு பேச்சைத் தொலைத்துவிட்டால் என்ன பிரயோஜனம் என்றும் கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. என்னத்தைப் போடுவது? எனக்கும் அதே பயம்தான். நம் இரண்டு பேருக்கும் காது கேட்காது, அவளுக்குக் கேட்கிறது. பள்ளிக்கூடம், சிநேகிதிகள், பாட்டு என்று வாயால் பேசுகிற உலகம் அவளை இழுக்கிறது. நீ போனதிலிருந்து அவள் கைப்பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பிட்டேன், சரி, அப்புறம். இவ்வளவுதான் பேச்சு, உடனே ஓட்டம். அவள் ஓடிய பிறகு திரையில் உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இனி திரை போன கதை. நீ பார்த்தது உன் பக்கத்துப் பாதி. என் பக்கத்துப் பாதியைச் சொல்கிறேன்.

அன்றைக்கு உன்கூடப் படிக்கிற அந்தக் குண்டுப் பெண் நாற்காலியோடு சாய்ந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் விழுவதைக் காட்டக் கையை மேலே தூக்கினாய். அவ்வளவுதான், கறுப்பு. தூக்கிய கை இறங்கவே இல்லை. நான் லேப்டாப்பின் முதுகைத் தட்டினேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், கண்டபடி திட்டினேன். உனக்கு அதெல்லாம் நன்றாகத் தெரிந்ததாம், சிரித்தாயாம். போகட்டும்.

கன்னக்குழிதான் என் தோளைத் தட்டினாள். (கன்னத்தில் விரல் வைத்து அவளைக் கூப்பிடுவதை எழுத்தில் எப்படி எழுதுவது? இப்படித்தான் எழுத வருகிறது.) அம்மா மேசையைத் தட்டுகிறாள், சத்தம் வருகிறது, லைன் கட்டாகவில்லை என்று கை காட்டினாள். அது நீதான் என்று எப்படித் தெரியும் என்றேன். உன் தட்டல் அவளுக்குத் தெரியுமாம். நான் தட்டினால் வேறு மாதிரி இருக்குமாம். இத்தனை வருஷம் உன்னோடு குடித்தனம் பண்ணுகிறேன், உனக்கென்று ஒரு தட்டல் இருக்கிற விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் நீ போனில் பேசலாமே என்று செய்தி அனுப்பினாய். ஒரு கையில் போனைப் பிடித்தால் மிச்சம் ஒரு கைதானே. பாதி வாயை மூடிக்கொண்டு பேசச் சொல்கிற மாதிரி. டம்ளரில் சாய்த்து வைத்தால் சரிந்து விழுகிறது, விழாத நேரத்தில் உன் விரல்கள் அரிசி அளவு தெரிகின்றன. கன்னக்குழிக்கு இது நல்ல சாக்காகப் போய்விட்டது. கண் வலிக்கிறது என்று சொல்லி அந்த ஓட்டத்தையும் சீக்கிரமாகவே ஓட ஆரம்பித்தாள். இப்படியே விட்டால் நீ திரும்பி வரும்போது வீட்டில் இரண்டு பேர் ஒரு பக்கமும் ஒரு பிள்ளை மறுபக்கமுமாக நிற்போம் என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது.

வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை, வாரன்டி இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரர்கள் போனில் பேசினால்தான் புகார் எடுப்பார்களாம். எழுதிக் கேட்டால் இந்த நம்பரை அழையுங்கள் என்று பதில் வருகிறது. அந்த நம்பரை நான் என்ன செய்வது, சட்டம் போட்டு மாட்டுவதா? வேறு வழியில்லாமல் கன்னக்குழியை உட்கார வைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

போனை மேசையில் வைத்துப் பேச ஆரம்பித்தாள். கீழே விழுந்ததா என்று அவர்கள் கேட்டார்கள், அவள் எனக்குக் கை காட்டினாள், நான் இல்லை என்றேன், அவள் வாய் அசைந்தது. தண்ணீர் பட்டதா, பட்டன் விளக்கு எரிகிறதா, இப்படியே போயிற்று. நடுவில் அவள் புருவம் நெரிந்தது. பெரியவர்கள் யாராவது பேசட்டும் என்றார்களாம். அப்பா இங்கேதான் இருக்கிறார், அவர்தான் பேசுகிறார், என்னுடையது வெறும் வாய் என்று பதில் சொன்னாளாம். சொன்னதை எனக்கும் கையால் காட்டினாள். டீச்சரம்மா, நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது கேள். லேப்டாப்பை அனுப்பிவிடுங்கள், திரும்பி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் சரி, விடு என்று தலையாட்டிவிட்டேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. எழுந்து நின்றுகொண்டாள். உங்கள் வாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் இருப்பீர்களா என்று கேட்டாளாம். கேட்டுக்கொண்டே எனக்கும் சொன்னாள் பார், கையில் அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு கோபம், அசல் உன் கை. ஆனால் எனக்குக் காட்டும்போது வாயைக் கழற்றி என்று காட்டவில்லை, கையைக் கழற்றி என்று காட்டினாள். அப்புறம் விசாரித்தேன். அவர்களுக்கு வாய் என்றால்தான் புரியும், உனக்குக் கை என்றால்தான் புரியும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். வாயடைத்துப் போனேன் என்று எல்லோரும் எழுதுவார்கள் இல்லையா, எனக்குக் கையடைத்துப் போய்விட்டது.

மறுநாளே வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். ஒல்லி மனிதர், சட்டைப் பை பிதுங்கப் பிதுங்கத் திருப்புளி வைத்திருந்தார். கன்னக்குழி அவருக்கு உடனே ஒரு கைப்பெயர் வைத்துவிட்டாள், பிதுங்கல். நல்லவேளை, அவருக்குப் புரியவில்லை. அவர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ கூப்பிடுகிற நேரம் வந்துவிட்டது. லேப்டாப்பில் மணி அடிப்பது கன்னக்குழிக்குக் கேட்டது. ஓடி வந்து ஒரு பட்டனை அமுக்கினாள். கேமரா பக்கத்துப் பச்சைப் பொட்டு எரிந்தது. திரை அதே கறுப்பு.

பிதுங்கல் ட்யூப் லைட்டை அணைக்கச் சொன்னார். பையிலிருந்து விரல் மொத்தத்துக்கு ஒரு டார்ச்சை எடுத்து, திரையில் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார்.

நீ இருந்தாய்.

எப்படிச் சொல்வேன்! பென்சிலால் வரைந்து ரப்பர் வைத்துத் தேய்த்த படம் மாதிரி, சாம்பல் நிறத்தில், ஆனால் நீதான். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் இருந்தாய். டார்ச்சை நகர்த்தினால் உன் தோள், இன்னும் நகர்த்தினால் உன் கை. அந்தக் கை எங்களிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, படத்துக்குப் பின்னால் இருக்கிற விளக்குதான் செத்துவிட்டது என்று அவர் சொன்னதைக் கன்னக்குழி எனக்குச் சொன்னாள். அப்படியானால் இத்தனை நாளும்? இத்தனை நாளும் படம் வந்துகொண்டுதான் இருந்தது என்றாராம். நான் நாள் முழுக்கத் தாளும் அட்டையும் ஒட்டுகிறவன். அந்தத் திரை என் கெட்டி அட்டையைவிட மெல்லிசு. அதற்குள் நீ இருட்டிலேயே வந்து, பேசி, எங்களைத் தேடிவிட்டுப் போயிருக்கிறாய். கும்பிடத் தோன்றியது எனக்கு.

பிதுங்கல் புதுத் திரைக்குச் சொல்லப் போனை எடுத்தார். அந்தச் சமயத்தில் கன்னக்குழி அவர் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள். இடது கையில் டார்ச், வலது கையில் பேச்சு. நீ புரியவில்லை என்று காட்டினாய். கை மாற்றிப் பார்த்தாள். மறுபடியும் புரியவில்லை என்றாய். கொடு, நான் பிடிக்கிறேன் என்று போனேன். அவள் என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, அடுப்படி வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தாள்.

அப்புறம் டார்ச்சை வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். மணிக்கணக்கில் சிநேகிதியோடு அரட்டை அடிக்கிற அந்த வாயில்! இரண்டு கையும் விடுபட்டதும், அந்த வெளிச்சம் கைகளிலும் பட, உன்னிடம் பேச ஆரம்பித்தாள்.

எவ்வளவு நேரம் பேசினாள் என்று உனக்குத்தான் தெரியும். நான் அவள் முதுகுப் பக்கம் நின்றேன். முழங்கைகள் ஏறி இறங்குவதும் தோள் குலுங்குவதும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் தலை அசைந்தபோதெல்லாம் வெளிச்சமும் அசைந்தது, நீ வந்து வந்து போனாய். கடைசியாக நீ தெரிந்தபோது உன் இரண்டு கையும் உன் முகத்தை மூடியிருந்தன. பிதுங்கல் போன் பேசி முடித்துவிட்டார், ஆனால் டார்ச்சைத் திருப்பிக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதுத் திரை மாட்டியாயிற்று. காசு கேட்கவில்லை. நீ இப்போது பளிச்சென்று தெரிகிறாய், கண்ணுக்குக் கீழே கருவளையம் உட்பட, நேரத்துக்குத் தூங்கு. உன் மகள் ஒன்றும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நேற்றுகூடப் பாதியில் கொட்டாவி விட்டாள், நீயே பார்த்தாய். ஆனால் நீ பேசி முடித்த பிறகு என்னிடம் வந்து பள்ளிக்கூடத்து வாத்தியார் நடக்கிற மாதிரி நடந்து காட்டி, கையால் அவரை வெளுத்து வாங்கினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அம்மாவிடம் அன்றைக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்றாள். உனக்கு எதற்கு என்றும் கேட்டாள்.

எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும், டீச்சரம்மா. இரண்டு நாளாக பிரஸ்ஸில் கோந்து காய்வதுகூடத் தெரியாமல் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுது.

வேண்டாம், எழுதாதே. திரையிலும் சொல்லாதே. படிப்பை முடித்துவிட்டு வா, வந்து என் முன்னால் உட்கார்ந்து, உன் இரண்டு கையாலும் சொல். அதுவரைக்கும் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

உன் கைகள் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்கட்டும்.

என்றும் உன்,
பைண்டர்