டி.பி. என்று சொல்லிச் சிரித்தேன்

14 ஆகஸ்ட் 1979

கன்னியம்மாளின் காலை எடுக்க வேண்டியதில்லை! சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

சாலவாக்கத்தில் நடவு வேலை செய்கிறவள். முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த பெரிய டாக்டர், புற்றுநோயாகத்தான் இருக்கும், தொடையோடு எடுத்துவிடலாம் என்றார். முதலில் மூட்டிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்துவிடுவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

இன்று மெட்ராஸிலிருந்து ரிப்போர்ட்டும் ஸ்லைடும் வந்தன. ரிப்போர்ட்டைப் படித்த பிறகும் மனசு கேட்காமல், எங்கள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். பெரிய பெரிய செல்கள். அவற்றின் ஓரத்தில் உட்கருக்கள் குதிரை லாடம் போல வளைந்து நின்றன. புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. டி.பி.! மருந்துக்கு அடங்குகிற நோய். வார்டுக்கு ஓடினேன்.

“கன்னியம்மா, உனக்கு டி.பி.தான்!”

அவள் முகம் செத்துப்போனது. “இன்னா டாக்டரம்மா, டி.பி.ன்னு சொல்லிக்கினு சிரிக்கிறீங்க?”

“காலை எடுக்க வேணாம்மா. ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிட்டா சரியாயிடும்.”

முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்: “ஊருல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க. வரப்புல வழுக்கி வியுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

ஒன்றரை வருஷம் அந்தப் பொய்யோடு மாத்திரை வாங்க வருவாளா? அதை நாளைக்கு யோசிக்கலாம்.

உத்திரமேரூரையே கூட்டிவைத்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்: கன்னியம்மாளுக்கு டி.பி.! டி.பி.!