தஞ்சாவூரில் தனியாக இரண்டு மணி நேரம்

5-2-2025, புதன்

எழுத்து கோட்டில் நிற்கவில்லை. ஒன்று பெரிதாக வருகிறது, அடுத்தது அதன் காலடியில் போய் ஒண்டிக்கொள்கிறது. நாற்பது வருடம் கல் குவாரியில் சம்மட்டி பிடித்த கை, பேனாவையும் அப்படியே அழுத்துகிறது. தாளின் பின்பக்கம் தடவினாலே தெரிகிறது. என்றைக்காவது இதை யாராவது படித்தால் பொறுத்துக்கொள்ளட்டும். மாலை வகுப்புக்குப் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. வயது அறுபத்தெட்டு.

நாளை மறுநாள் உத்தனப்பள்ளியிலிருந்து இருபது பேர் வேனில் தஞ்சாவூர் போகிறோம். ஏற்பாடு முனிராஜ், என் மனைவி சாந்தம்மாவின் அண்ணன் மகன். ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே வேலையாட்களுக்குப் போடுவது போலவே இங்கேயும் ஜோடி போட்டுவிட்டான். படிக்கத் தெரியாதவருக்குப் படிக்கத் தெரிந்தவர் துணை. என் பெயரைப் பக்கத்து வீட்டுத் திம்மப்பனோடு சேர்த்திருக்கிறான். எனக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே என்றேன்.

"க்ளாஸ்ல படிக்கறது வேற, வெளியூரு வேற மாமா" என்றான்.

வெளியூரில் ஒரு தெருவில்கூட நான் தனியாக நடந்ததில்லை. எப்போதும் யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். கடைசி நாள் எனக்கு இரண்டு மணி நேரம் தனியாக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

8-2-2025, சனி

தஞ்சாவூர். பெரிய கோயில் பார்த்தோம். அத்தனை உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று எல்லோரும் வியந்தார்கள். எனக்கோ, எப்படி மூளி இல்லாமல் உடைத்தார்கள் என்பதுதான் வியப்பு. 'காலணிகளை இங்கே விடவும்' என்ற பலகையைத் திம்மப்பன் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான். நான் அதற்குள் செருப்பைக் கழற்றி இருந்தேன்.

முனிராஜ் சம்மதித்துவிட்டான். நாளை இரண்டிலிருந்து நாலு வரை. சாந்தம்மாதான் பேசினாள். "உடுடா, போயிட்டு வரட்டும். தொலஞ்சா போலீசுல குடுக்க ஆதார்ல போட்டோ இருக்குது" என்றாளாம்.

10-2-2025, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. வேனில் எழுத முடியவில்லை, ஆட்டம். நேற்றைய நாளை இன்று எழுதுகிறேன்.

சாப்பிட்டதும் கிளம்பினேன். போனைச் சாந்தம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போன் இருந்தால் அது தனியாகப் போனதாகாது. நாங்கள் தங்கிய லாட்ஜின் பெயர்ப்பலகை முழுவதும் இங்கிலீஷ். அதனால் எதிர்ச் சுவரில் பெரிதாக எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுத்தைக் கூட்டுவதிலேயே மூச்சு போய்விட்டது, பொருள் வரை மனம் போகவில்லை. தெருவின் பெயர் என்றே நினைத்தேன்.

பிறகு நடந்தேன். என் முன்னால் யார் முதுகும் இல்லை. கண்ணில் பட்ட பலகையை எல்லாம் நின்று படித்தேன். ஒரு கடையில் 'சமையல் பாத்திரங்கள் வாடகைக்கு விடப்படும்' என்று இருந்தது. நான் நின்ற நேரத்துக்குக் கடைக்காரரே வெளியே வந்து, எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டுவிட்டார். நான் இன்னும் 'விடப்படும்' வரை வரவில்லை.

மூன்றேகாலுக்குத் திரும்ப நினைத்தேன். எல்லாத் தெருவும் ஒன்றாகவே தெரிந்தது. ஒரு டீக்கடையில் நோட்டைக் காட்டி, இந்தத் தெருவுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பெரியவரே, 'விளம்பரம் செய்யாதீர்'னு ஊருல எல்லாச் செவுத்துலயும்தான் எழுதியிருக்கு. உங்களுக்கு எந்தச் செவுரு வேணும்?"

காது சுட்டது. பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். அங்கேயும் அதேதான்.

லாட்ஜின் பெயர் தெரியாது. போன் நம்பர் மனப்பாடம் இல்லை. இதோடு தீர்ந்தது, இனிமேல் சாகும்வரை திம்மப்பன் கையைப் பிடித்துக்கொண்டுதான் — இதற்கா இந்த வயதில் படித்தேன்? டீ வாங்கினேன், குடிக்க முடியவில்லை.

எதிரே ஒரு பலகை, 'பல் மருத்துவமனை'. இதை வரும்போது படித்தேனே! இதற்கு முன்னால் என்ன படித்தேன்? மாவு மில். அதற்கு முன்னால்? சவுண்ட் சர்வீஸ். அதற்கும் முன்னால் பாத்திரக் கடை. படித்தவர்கள் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், ஒன்றும் நினைவிருக்காது. நான் ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் நின்றவன். எல்லாம் வரிசையாக உள்ளே இருந்தது. எழுந்து நடந்தேன், கடைசிப் பலகையிலிருந்து முதல் பலகைக்கு. மாவு மில் தாண்டி ஒரு திருப்பத்தில் தப்பாகப் போனேன். படித்த பலகை ஒன்றும் வரவில்லை, அதனால் தப்பு என்று எனக்கே தெரிந்தது. திரும்பி வந்து மறுபக்கம் போனேன். பாத்திரக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் யாரையும் வழி கேட்கவில்லை.

நாலு பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் வேனில் ஏறியிருந்தார்கள். திம்மப்பன் நடுத்தெருவில் நின்று தெலுங்கில் திட்டினான், அவனுக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான். முனிராஜின் முகம் வெளுத்திருந்தது.

"யாரு மாமா வழி சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லல. படிச்சிக்கினே வந்தேன்."

சுவர்க் கதையை நானே வேனில் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? திருச்சி வரை சிரித்தார்கள். சாந்தம்மா மட்டும் என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

11-2-2025, செவ்வாய்

விரல் வீங்கிவிட்டது. இன்று இவ்வளவுதான்.

23-2-2025, ஞாயிறு

காலையில் ஓசூர் பஸ் நிலையம். 'கிருஷ்ணகிரி' என்று நெற்றியில் எழுதிய பஸ்ஸை நானே பார்த்து ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை. ஏறிய பிறகு ஒரு பையனைச் சுமந்துகொண்டு ஓடிவந்த அம்மாள் என்னிடம், இது எந்த ஊர் பஸ் என்று கேட்டாள். கிருஷ்ணகிரி என்றேன்.

கிருஷ்ணகிரியில் மகள் அருணா கதவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"கூட யாருப்பா வந்தது?"

"யாரும் வரல."

வாசலைத் தாண்டிப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வரும் ஞாயிறு தர்மபுரி போகலாம் என்றிருக்கிறேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. போய்விட்டு வந்து எழுதுகிறேன், விரல் எப்படி இருந்தாலும்.