ரோடு பார்க்காத எஞ்சின்

ஷெட்,
மே 12

அன்புள்ள வீட்டு அதிகாரிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. லாரி படுத்துவிட்டது. அது படுத்தால் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். போனில் பேசினால் மூன்றாவது பேச்சுக்குள் சண்டை வந்துவிடுகிறது. "எழுதுங்க, எழுதும்போதாவது யோசிப்பீங்க" என்று சொல்லி நீயும் போனை வைத்துவிட்டாய். சரி, யோசித்து எழுதுகிறேன். ரேடியோ நம் ஊர்ப் பக்கம் சரக்கு ஏற்றிப் போகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே லாரி ஓட்டுகிறவன், அதனால்தானே அவனுக்கு அந்தப் பேர். கடிதத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வான். பாதியை நம்பு.

எஞ்சின் முடிந்தது. சரக்கோடு மேட்டில் ஏறும்போது இழுக்கவே இல்லை. பின்னால் புகை எவ்வளவு என்றால், எனக்குப் பின்னால் வந்த பஸ்காரன் லைட்டைப் போட்டுக்கொண்டான். நடு மேட்டில் நின்றுவிட்டேன். எத்தனை ஹாரன், எத்தனை வசவு! என் அப்பா அம்மா வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். இங்கே இழுத்து வந்து பிரித்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "இதுல இனிமே கை வச்சா கைதான் வலிக்கும். வேற எஞ்சின் பாரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

நல்ல சேதியும் ஒன்று இருக்கிறது. நம் ஊர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக்கடை வைத்திருப்பவரிடம் இதே கம்பெனி, இதே மாடல் எஞ்சின் ஒன்று கிடக்கிறதாம். மூடிப்போன தியேட்டரின் ஜெனரேட்டரில் இருந்தது. கரண்ட் போனால் மட்டும் ஓடியிருக்கிறது. ரோட்டையே பார்க்காத எஞ்சின்! தேய்மானமே இருக்காது. அவரே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, நம் பழைய எஞ்சினை மாற்றாக எடுத்துப் போகிறார்.

இருபத்தெட்டாம் தேதி நம் வாசலில் லாரி நிற்கும். சாமான்களைக் கட்டி வை. உன்னையும் பாப்பாவையும் புது ஊரில் இறக்குவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் லாரிக்காரன்


வீடு,
மே 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

ரேடியோ வந்து போனார். கடிதத்தை நான் பிரிப்பதற்குள் முழுக் கதையையும் சொல்லி, இரண்டு டம்ளர் காபியும் குடித்துவிட்டார். அவர் சொன்னதில் பஸ் பள்ளத்தில் இறங்கியது வரை இருந்தது. உங்கள் கடிதத்தில் அது இல்லாததில் எனக்கு நிம்மதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லாரிக்கு அடியில் படுத்துவிட்டால் உங்களுக்குச் சாப்பாட்டு ஞாபகம் வராது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஜூன் ஒன்றாம் தேதி காலையில் புது ஊர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நான் மேற்பார்வைக்குச் சேர வேண்டும். பிறர் அழுக்கைத் துவைத்துத் துவைத்துக் கை வெந்தபிறகு கிடைத்த வேலை. ஒரு நாள் பிந்தினாலும் அடுத்தவருக்குப் போய்விடும். பாப்பாவுக்கும் அங்கே பள்ளியில் சொல்லியாகிவிட்டது. போன தடவை வீடு மாற்றியபோது நீங்கள் வந்து சேர்ந்தது, அக்கம்பக்கத்தார் எல்லாச் சாமானையும் சுமந்து முடித்த மறுநாள். பாப்பா காய்ச்சலில் கிடந்தபோது கியர் பாக்ஸ் இறக்கியிருந்தீர்கள். நான் கணக்குத் தீர்க்க எழுதவில்லை. ஆனால் இந்தத் தடவையும் லாரிதான் முதலில் என்றால், நான் போகிற வீட்டுக்கு நீங்கள் வர வேண்டாம். அந்த லாரியோடேயே குடித்தனம் நடத்துங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நேற்றும் எழுதி, கிழித்து, இன்று மறுபடியும் அதையேதான் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குப் பத்து வயதாகியும் உங்கள் பைத்தியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் எந்த லாரி திரும்பினாலும் பென்சிலை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறாள். பிறகு, "நம்முது இல்லம்மா" என்று மறுபடி எழுத ஆரம்பிக்கிறாள். நானும் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொள்கிறேன்.

ரோட்டையே பார்க்காத எஞ்சின் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ரோட்டைப் பார்க்காதது ரோட்டில் எப்படி ஓடும்? எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் புது அடுப்பு ஒழுங்காக எரிகிறவரை பழைய அடுப்பை நான் வெளியே கொடுக்கமாட்டேன். நீங்களும் பழையதை அவசரப்பட்டுத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா


ஷெட்,
மே 24

அன்புள்ள வீட்டு அதிகாரிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்த அன்று காலையில்தான் பழைய எஞ்சின் போனது. இதற்கு நான் என்ன சொல்ல? நீ சிரித்துக்கொள்.

இந்தப் புதுமாப்பிள்ளையைப் பொருத்துவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அதே மாடல் என்று பேர். தாங்கிப் பிடிக்கிற கட்டைகளின் துளை ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. புதிதாகத் துளை போட்டோம். கியர் பாக்ஸோடு சேர்க்கப் பார்த்தால், காலையில் தொடங்கியது மத்தியானம் வரை சேரவில்லை. தூக்கிப் பிடித்திருந்த செயினைப் பக்கத்து ஷெட்காரர் அவசரம் என்று கழற்றிக்கொண்டு போனார். ஒரு போல்ட் உள்ளேயே முறிந்தது. அதைத் தோண்டி எடுத்தால் மழை. என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, பேனா பிடிக்கவே முடியவில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருகினால், முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, தட்டல் இல்லை. ஷெட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். சத்தம் மாறவில்லை. அடியோடு மிதித்தேன். ஊஹூம். இரண்டாவது கியர் போட்டால் அதே சத்தம், மூன்றாவது போட்டால் திணறல். சைக்கிளில் போன ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போனார்.

மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "ஜெனரேட்டர் எஞ்சின்டா. தியேட்டர்ல வெளக்கு மினுங்கக் கூடாதுல்ல, அதனால ஒரே வேகத்துல ஓடுற மாதிரி டீசல் பம்பு வச்சிருக்கான். நீ கால் வலிக்க மிதிச்சாலும் அது தனக்குத் தெரிஞ்ச அளவுதான் டீசல் குடுக்கும். பழைய எஞ்சின்ல இருந்த பம்பு வேணும்."

பழைய எஞ்சினைக் கொடுக்கும்போது அதே அண்ணன்தான், "பம்பக் கழட்டி வச்சுக்குவோம்டா, எதுக்கும் இருக்கட்டும்" என்றார். நான்தான், "புதுசுலயே பளபளன்னு ஒண்ணு இருக்கே, அதக் கழட்டிக்கிட்டு உக்காந்தா இருபத்தெட்டாம் தேதி நான் ஊர் போய்ச் சேந்த மாதிரிதான், அப்படியே தூக்கிக் குடுங்க" என்று கத்தினேன். அரை நாள் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். உனக்காகத்தான் அவசரப்பட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். எனக்கே கேட்க நன்றாக இல்லை.

இங்கே பம்பு வேலை பார்க்கிறவர் ஊரில் இல்லை. இரும்புக்கடைக்காரர் போனை எடுப்பதில்லை. இந்த நிலையில் வீட்டுச் சாமானை ஏற்றினால் முதல் மேட்டிலேயே நின்றுவிடுவேன். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், நாலைந்து நாள் தள்ளிப் போக முடியுமா?

உன் லாரிக்காரன்


வீடு,
மே 30

பாப்பாவின் அப்பாவுக்கு,

தள்ளிப் போக முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், வழியெல்லாம் நானே கேட்டுக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம். எஞ்சின் குவியலைக் காட்டி, "இதுல உங்களுது எதுன்னு கண்டுபிடிச்சு எடுத்துக்கங்கம்மா" என்றார். எல்லாம் ஒரே கறுப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பாதான் ஏறிக் குதித்துத் தேடினாள். போன வருடம் லாரிக் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது அவள் எஞ்சின் பக்கம் கை விட்டு அடித்த பச்சைக் கோட்டுக்காக அவளைத் திட்டினீர்களே, அந்தக் கோடு நம் எஞ்சின் பக்கவாட்டில் அப்படியே இருந்தது. "அம்மா, இதுதான் நம்முது!" என்று அவள் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது.

கடைக்காரர் சும்மா தருவாரா? பேசிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். கடைசியில் நம் இரும்பு பீரோவைக் கொடுத்தேன். என் அம்மா வீட்டிலிருந்து வந்த பீரோ. ஏற்றிப் போக லாரிதான் இல்லையே. பம்பை அவரே கழற்றி, சாக்கில் கட்டிக் கொடுத்தார். ரேடியோ கையில் அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் இதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இது இல்லை என்றால் என்னிடம் சொல்லாதீர்கள்.

நாளைக் காலை ஒரு சின்ன வேன் வருகிறது. நாங்கள் போகிறோம். கட்டில் வேனில் ஏறாது. அது பாதி உண்மைதான். ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் பாதி உங்களுடையது. இந்த வீட்டைக் காலி செய்ய இன்னும் நாள் இருக்கிறது. சாவி எதிர்வீட்டு டெய்லரிடம் இருக்கிறது, புது விலாசமும் அவரிடம்தான். பழையதை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள் என்று உங்களுக்கு எழுதியவள் நான். அதனால் நானும் கொடுக்கவில்லை. வருவதென்றால் கட்டிலோடு வாருங்கள். இல்லையென்றால் டெய்லரிடம் சொல்லிவிடுங்கள், அவர் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

இனி நான் எழுதமாட்டேன். எனக்கும் கை வலிக்கிறது.

பாப்பாவின் அம்மா


பழைய வீடு,
ஜூன் 6

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

அதே பம்புதான். பொருத்திவிட்டு மிதித்தேன், எஞ்சின் கேட்டது. மேட்டில் நின்ற அதே இடத்தை இன்று மூன்றாவது கியரில் ஏறினேன். யார் கை தட்டினாலும் காதில் விழுகிற நிலையில் நான் இல்லை.

டெய்லர் சாவியையும் விலாசச் சீட்டையும் என் கையில் வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டார். நீ எவ்வளவு சொல்லியிருக்கிறாய் என்று அதிலேயே தெரிந்தது. பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் புதிதாக இருக்கிறது. அதைப் பார்த்துக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை என்று சொன்னால் பொய். லாரியின் மேல், என் மேல், உன் மேல், எல்லார் மேலும் வந்தது. பிறகு கட்டிலைக் கழற்ற உட்கார்ந்தேன். முழு எஞ்சினை இறக்கி ஏற்றினவனுக்கு இந்த நாலு போல்ட் கழலவில்லை, துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கிறது. அறைக்குள் வைத்தே பூட்டின கட்டில், கழற்றாமல் வாசலைத் தாண்டாது. டெய்லர் பொறுக்க முடியாமல் மிஷின் எண்ணெயோடு வந்து, "அவசரப்படாதீங்க, ஊறட்டும்" என்றார். அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது. ஊறிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அரை நாள் போனாலும் போகட்டும், இந்தத் தடவை ஒரு போல்ட்டையும் முறிக்கப் போவதில்லை.

ரேடியோ இப்போதே உன் ஊர்ப் பக்கம் கிளம்புகிறான். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். அவனுக்குக் காபி கொடுக்காதே, உட்கார்ந்துவிடுவான்.

பாப்பாவிடம் ஒன்று சொல்லிவை. இந்த எஞ்சினின் சத்தம் வேறு. அவளுக்குப் பழக்கமில்லாத சத்தம், உனக்கும்தான். தெருமுனையில் நான் திரும்பும்போது, "நம்முது இல்லம்மா" என்றுதான் சொல்வாள். நீயும் எழுந்திருக்கமாட்டாய். ஹாரன் அடித்துக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. லாரியைத் தள்ளி நிறுத்திவிட்டு, நடந்து வந்து கதவைத் தட்டுகிறேன்.

திற.

பாப்பாவின் அப்பா