கூர் மொட்டு இருக்கும் இடம்

உ

ஹம், ஜேர்மனி,
08.03.2025

அன்புப் பெறாமகள் தேனுஜாவுக்கு,

இங்கே உன் சித்தப்பா ஸ்ரீதரன், சித்தி சுலோஜனா, எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரம் மூவரும் நல்ல சுகம். யப்பானில் நீயும், நீ வேலை பழகுகிற தோட்டத்து மரங்களும் அதே சுகத்தோடு இருக்க எங்கள் ஹம் காமாட்சி அம்மாள் பார்த்துக்கொள்வாள்.

கையால் எழுதிய கடிதத்தைக் கண்டதும் நீ பயந்திருப்பாய். பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இந்த விஷயத்தை உன்னோடு போனில் கதைக்கமாட்டேன் என்று உன் அப்பாவுக்குக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எங்கே கடிதம் எழுதப்போகிறான் என்று நினைத்திருப்பார். அந்த எட்டாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு வாத்தியார் கண்ணைத் துடைத்தவர். (சித்தி பக்கத்தில் இருந்துகொண்டு, அது சோக்குத் தூளாக இருக்கும் என்கிறாள். நீ அதை எடுக்காதே.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஒரு யப்பான் அப்பிரிகோஸ் போன்சாய் வாங்கியிருக்கிறோம். அங்கே நீங்கள் உமே என்பீர்களாமே, அதுதான். உயரம் என் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே. வயது முந்நூறு. சித்தி இப்போது என் முழங்கையில் தட்டுகிறாள். விற்ற மனிதர் நாற்பத்தைந்து என்றுதான் சொன்னார், ஆனால் அந்த அடிமரத்தைப் பார்த்தால் அவருக்கு எண்ணத் தெரியாது என்றுதான் நினைக்கத் தோன்றும். பாதி கோதாகி, கறுத்து, முறுகி, செத்துப்போன கட்டை போல நிற்கிறது. அதன் மேலே ஈர்க்குப் போன்ற கொப்புகளில் இலை ஒன்றுகூட இல்லாமல் வெள்ளைப் பூ. பூவின் நடுவில் மட்டும் ரோசா நிறம், யாரோ குங்குமம் தொட்ட விரலைக் கழுவாமல் வைத்த மாதிரி. வாசம் உங்கள் வீட்டுப் பல்கனியால் இறங்கிக் கீழ்வீட்டு ஜேர்மன் மனுசியின் குசினிக்குள் போய், அந்த மனுசி கேக்கோடு மேலே ஏறி வந்துவிட்டது. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை, கேக்கை நானே சாப்பிட்டேன்.

இனி வாங்கிய கதை. மாசி மாதம் எசனில் ஒரு மண்டபத்தில் போன்சாய்க் கண்காட்சி என்று பேப்பரில் கிடந்தது. ஒரு மரத்தைக் கொண்டுவந்து உன் அப்பாவின் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. போன்சாய்க்கு வாங்கோ என்றால் அண்ணை வருவாரா. மூன்று வருடமாக அந்த வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. அதனால் எனக்கு எசனில் கண் டாக்டரிடம் டெர்மின், டாக்டர் கதைக்கிற ஜேர்மன் எனக்கு விளங்காது, நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லி ரயில் ஏற்றினேன். மண்டப வாசலில் போர்டைக் கண்டதும் அண்ணை நின்றுவிட்டார். "டேய், உன்ரை கண்ணுக்கு ஒண்டுமில்லை, வாய்க்குத்தான் டாக்டர் வேணும்" என்றார். ஆனால் திரும்பிப் போகவில்லை. அதை நான் கவனித்தேன்.

உள்ளே நூறு மரம். மேப்பிள், பைன் என்று எல்லாவற்றையும் நான் ஒரு வைத்தியனைப் போலப் பார்த்துக்கொண்டு போனேன். அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொழிற்சாலையில் போர்மன் மெசினைப் பார்க்கிற மாதிரிப் பின்னால் வந்தார். கடைசி மேசையில் இந்த மரம். அதற்கு முன்னால் அண்ணை நின்றார். நான் பாதி மண்டபம் சுற்றி வந்தும் அங்கேயே நின்றார்.

விற்றவர் ஹெர் பிரிங்மன் என்று தாடி வைத்த ஒரு கிழவர். நான் நேரே போய், என் பெறாமகள் யப்பானில் போன்சாய்க்குத் தலைமை அதிகாரி, அவளுடைய கை படாமல் அரண்மனை மரம்கூடப் பூக்காது என்று அறிமுகம் செய்தேன். பிள்ளை, நீ அங்கே இன்னும் நிலம் கூட்டுகிறாயோ, மரம் வெட்டுகிறாயோ எனக்குத் தெரியாது. ஆனால் கிழவர் எழும்பி நின்று எனக்குக் கை தந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மரத்தை எங்கே வைப்பீர்கள்.

நான் பெருமையோடு சொன்னேன், எங்கள் சாமியறையில், சுவரில் சூடு விடுகிற ஹைசுங்குக்குப் பக்கத்தில், இளவரசன் மாதிரி வைப்போம் என்று. பதினொரு மாரிக் குளிருக்கும் கறிவேப்பிலையை அந்தச் சூட்டில்தான் காப்பாற்றினேன், ஜேர்மனி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கறிவேப்பிலை இல்லை என்றும் சொன்னேன். கிழவரின் முகம் சுருங்கியது. சட்டியை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விற்கமாட்டாராம். உள்ளே வைத்தால் மொட்டு எல்லாம் கொட்டி, மரம் ஒரு வருடத்தில் செத்துவிடுமாம். அந்தக் கறிவேப்பிலைச் சூட்டு மூளையை உன் சித்தப்பாவால் மாற்ற ஏலாது, என்ன செய்ய. நானும் விடாமல் கெஞ்சினேன். அவர் வேறு ஆளைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பிள்ளை, உன் அப்பா வாய் திறந்தார்.

அவருடைய தொழிற்சாலை ஜேர்மன் உனக்குத் தெரியும்தானே, நாலு சொல்லுக்கு மேல் போகாது. அந்த நாலு நாலு சொல்லாகச் சொன்னார். வெளியிலே பல்கனியில் வைப்போம். வெயில் படும். கடும் குளிர் வந்தால் சட்டியை மட்டும் மரப்பட்டைத் தூளுக்குள் புதைப்போம். பூ முடிந்த கையோடு, இலை வருவதற்கு முன்னால் கொப்பை வெட்ட வேண்டும். உருண்டை மொட்டு பூ, கூர் மொட்டு இலை. கூர் மொட்டு இல்லாத இடத்தில் வெட்டினால் அந்தக் கொப்பு செத்துப்போகும். இதெல்லாம் சொல்லிவிட்டு, கொப்பில் சுற்றியிருந்த கம்பியை விரல் நுனியால் தொட்டு, இது இரண்டு மில்லிமீட்டர், இதை வைகாசிக்கு முன்னால் கழற்றாவிட்டால் தோலுக்குள் இறங்கிவிடும் என்றார்.

கிழவர் சட்டியை மெதுவாக இந்தப் பக்கம் தள்ளினார். என்னுடைய பக்கம் இல்லை, உன் அப்பாவின் பக்கம்.

ஒரு மரத்துக்கும் முன்னால் நான் வாயடைத்து நின்றதில்லை. அன்றைக்கு அண்ணைக்கு முன்னால் நின்றேன். உது எப்பிடித் தெரியும் என்று கேட்டால், "எங்கையோ வாசிச்சனான்" என்று ஒரே பதில். அண்ணை பேப்பரில் மரண அறிவித்தலைத் தவிர வேறொன்றும் வாசிக்காதவர்.

ரயிலில் மரத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஹைசுங் காற்றுப் படாமல் தன் குளிர்க்கோட்டால் மூடிக்கொண்டு வந்தார். ஒரு சின்னப் பிள்ளையை வைத்திருக்கிறார் என்று ஒரு பெண் எழும்பி இடம் கொடுத்தது. டிக்கெட் பார்க்க வந்தவன் மரத்துக்கும் டிக்கெட் கேட்டான். (கேட்கவில்லை. சிரித்தான், அவ்வளவுதான்.) டோர்ட்மண்ட் தாண்டியது. காமன் வந்தது. இனி ஹம்தான், ஒன்றும் சொல்லமாட்டார் என்று நான் நினைத்தபோது, யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த யப்பான் தோட்டக்காரர் வீடியோ போடுறவை. முகம் காட்டிறேல்லை, கை மட்டும்தான். இடக்கைப் பெருவிரலிலை தழும்பு இருக்கிற கை."

அந்தத் தழும்பு எனக்கும் தெரியும். ஏழு வயதில், அப்பா வேலையால் கொண்டுவந்த கம்பித் துண்டை வளைத்து நீ சைக்கிள் செய்தாயே, அதில் கிழித்தது. ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஓடியது அண்ணை. நான் பின்னால் சப்பாத்தைக் கொண்டு போனேன்.

பிறகு உன் அம்மா கமலாம்பிகை அக்காவிடம் விசாரித்தேன். அண்ணை ஒவ்வொரு நாளும் பின்னேரம் கட்டிடத்துக்குக் கீழே இருக்கிற கெல்லருக்குள் உருளைக்கிழங்கு பார்க்கப் போகிறாராம். என்ன மனுசன், கிழங்கு முளைக்கிறதைக் காவல் காக்குதோ என்று கமலாம்பிகை அக்கா சிரித்தார். நான் ஒருநாள் மெல்ல இறங்கிப் பார்த்தேன். கிழங்குப் பெட்டிக்கு மேலே இருந்துகொண்டு, போனைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யப்பான் மொழி விளங்காதுதானே. கை விளங்குகிறது.

நீ மருந்தாளர் படிப்பை விட்டுப் போன அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் முப்பது வருசம் கம்பி இழுத்தது, நீயும் போய்க் கம்பி சுத்தவோ என்று கேட்டார். அதை நீயும் மறந்திருக்கமாட்டாய். அந்தச் சொல்லுக்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. அவருடைய வாயும் என்னுடைய வாயும் ஒரே வயிற்றில் வந்தவைதானே, நான் கூடச் சொல்லிக் கெடுப்பேன், அவர் குறையச் சொல்லிக் கெடுப்பார்.

மார்ச் முதலாம் திகதி முதல் பூ விரிந்தது. இங்கேதான் சண்டை. வீட்டில் பூ பூத்தால் அது சாமிக்கு என்று உன் அம்மா காலையில் நாலு பூவைக் கிள்ளிப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டார். அண்ணை போட்ட சத்தம் ரயில் நிலையத்தில் கேட்டிருக்கும். பூ முழுக்கச் சாமிக்குத்தானே பூத்தது, கிள்ளினால்தான் அவருக்குத் தெரியுமோ என்று அண்ணை. கிள்ளாமல் எப்பிடி வைக்கிறது, சாமியைக் காவிக்கொண்டு வெளியிலை போறதோ என்று அம்மா. நான் நீதிபதியாக நின்று தீர்ப்புச் சொன்னேன். இப்போது பிள்ளையார் பல்கனி யன்னலில் இருந்து நேரே பூவைப் பார்க்கிறார். தீபமும் அங்கேதான். அவருக்கும் ஒரு மாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை பூப் பார்க்க இருபத்திரண்டு பேரைக் கூட்டி வந்தேன். (ஒன்பது.) ஞானப்பிரகாசம் அண்ணை கோப்பியைக் குடித்துவிட்டு, "இதென்ன விமலநாதன், விறகுக்குக் கடதாசிப்பூ ஒட்டி வைச்சிருக்கிறாய்" என்றார். எல்லாரும் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தோம். அண்ணை சிரித்தார். வாயை மூடாமல், பல் தெரிய. "விறகு எண்டாலும் பூத்திருக்குதெல்லே" என்றார். சித்தியைக் கேள், இதற்குச் சாட்சி இருக்கிறது.

அன்று பின்னேரம் நீ அம்மாவோடு போனில் கதைத்தாய். அப்பா வழக்கம்போல எழும்பிப் பல்கனிக்குப் போனார். முன்பெல்லாம் கதவை இறுக்கிப் பூட்டுவார். இப்போது ஒரு கை போகிற அளவுக்குத் திறந்து வைக்கிறார். குளிர் வருகிறது என்று அம்மா சொன்னாலும் மூடவில்லை.

இனிமேல் சொல்லப்போவதில் ஒரு சொட்டும் கூட்டல் இல்லை. நான் சொல்வதைப் பாதிக்குப் பாதி கழித்துத்தான் நீ எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் கழிக்காதே.

இன்னும் இரண்டு கிழமையில் பூ முடிந்துவிடும். இந்த மாதக் கடைசிக்குள் கொப்பு வெட்ட வேண்டும். அண்ணை கத்தரிக்கோல் வாங்கி வைத்திருக்கிறார், மேசை லாச்சியில் கிடக்கிறது, உறைகூடப் பிரிக்கவில்லை. நான் வெட்டட்டோ என்று கேட்டேன். பார்த்த பார்வையில் கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டேன். நீங்களே வெட்டுங்கோவன் அண்ணை, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றேன். "பாக்கிறதும் வெட்டிறதும் ஒண்டோ? பிழையாய் வெட்டினால் கொப்பு திரும்பி வராதடா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கொப்பை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. நான் படிக்காதவன், பிழையாகவும் இருக்கலாம்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஏதோ ஒரு அன்ட்ராக் படிவத்தின் பின்பக்கம். கெல்லரில், கிழங்குப் பெட்டிக்குக் கீழே இருந்தது. கேட்காமல் எடுத்தேன். உன் அப்பா பென்சிலால் மரத்தைக் கீறியிருக்கிறார், ஒவ்வொரு கொப்பாக, நாலு பக்கமும் பார்த்து. கூர் மொட்டு இருக்கிற இடத்தில் புள்ளி. வெட்டலாமோ என்று சந்தேகம் வந்த இடத்தில் கேள்விக்குறி. பதினொரு கேள்விக்குறி. நீயே எண்ணிப் பார், நான் எண்ணினால் இருபத்திரண்டு என்று நினைப்பாய்.

நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உனக்கு வேலை இருக்கும், லீவு இருக்காது. ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, எந்தக் கேள்விக்குறியில் வெட்டலாம், எதில் வெட்டக்கூடாது என்று ஒரு கோடு போடு. பிறகு அந்தத் தாளை எனக்கு அனுப்பாதே. உன் அப்பாவின் பெயருக்கு அனுப்பு. தபால் சுணங்கும் என்று பட்டால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கதைக்கும்போது, பல்கனிக் கதவுக்குக் கேட்கிற மாதிரிக் கொஞ்சம் உரத்துச் சொல்லு, மூன்றாவது கொப்பில் வெட்டச் சொல்லுங்கோ என்று. கதவு திறந்துதான் இருக்கும்.

நீ நல்லாயிரு மகள். உன் கை நல்லாயிருக்க வேணும். அந்தக் கையை ஒவ்வொரு நாளும் ஒரு மனுசன் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்காகவும் கவனமாக வெட்டு.

என்றும் உன் நலம் வேண்டும்,
சித்தப்பா ஸ்ரீதரன்

பின்குறிப்பு: கடித உறைக்குள் ஒரு பூவும் வைத்திருக்கிறேன். நான் கிள்ளவில்லை. கடிதம் எழுதுகிறேன் என்று அண்ணைக்குத் தெரியாது. ஆனால் இன்று காலை, உங்கள் வீட்டு மேசையில் நான் வைத்த உறையில் யப்பான் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார், பல்கனிக்குப் போய் வந்தார். பிறகு பார்த்தால் உறைக்கு மேலே இது இருந்தது.