ஜீப்புக்குப் புதுப் படுதா

அக். 7, செவ்வாய்

காலையில் புழுக்கம். சாயங்காலம் கிழக்கே கறுத்து, எட்டயபுரம் ரோட்டில் தூறல். வெறும் தூறல்தான். அதற்கே பிள்ளைகள் பைகளை மடிக்குள் ஒளித்தார்கள். ஜீப்பின் கூரைப் படுதாவில், பின் மூலையில் கை நுழையும் கிழிசல். முன்பக்கம் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. அது வழியாக என் மடியில் தண்ணீர்.

கடைசி ஊரில் ராஜம்மா மகளை இறக்கிவிட்டுத் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ நல்லாத்தான் ஓட்டுத பார்வதி, குறை சொல்லல. மேல ஒழுகுதே. தீவாளி கழிச்சு டவுன்லேர்ந்து வேன் வருதாம், தகர டாப்பு. அதுல விட்டுருவமான்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ."

இந்த ஊர் போனால் மற்ற ஊர்களும் போகும். பங்குனியில் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்ததிலிருந்து ஜீப்பை நான் ஓட்டுவது இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம்பித்தான். கல்யாணமான புதிதில் கரிசல் தரிசில் வைத்து விளையாட்டாக அவர் கற்றுக்கொடுத்த ஓட்டு.

அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "வித்துரு" என்றார். அவ்வளவுதான்.

ரசம் மீதி. மண்ணெண்ணெய் நாளை.

அக். 8, புதன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தார்ப்பாய் தைக்கும் சண்முகம் அண்ணாச்சி கடை. படுதாவைத் தட்டினார், ஒரே தூசி. அவர் சொன்ன குறைகள்:

– மூலை: மடிக்கும்போது இரும்பு உரசிக் கிழிந்தது
– பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சள், வெடிப்பு
– பிரஸ் பட்டன் பாதி இல்லை
– முன்னால் எட்டவில்லை

"துணி சுருங்கிருக்கு தாயி. ஒட்டுப் போட்டா நிக்காது, புதுசாத் தச்சிருவோம். பழச விரிச்சு அளவெடுத்துக்கிடுதேன், முன்னால மட்டும் ரெண்டு வெரக்கட கூட."

சரியென்று கழற்றிக் கொடுத்தாயிற்று. திரும்பும்போது தலைக்கு மேல் வெறும் வானம். கடைவீதியில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மண்ணெண்ணெய் இல்லையாம்.

அக். 10, வெள்ளி. ஆயுத பூசை

நல்ல வெயில். ஜீப்பைக் கழுவி, ஸ்டியரிங்கில் சந்தனம். பொட்டு அவர் கையால் வைக்கட்டும் என்று எனக்குப் பிடிவாதம். தோளில் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஏழு மாதமாக அவர் வண்டிப் பக்கம் வரவில்லை. வலது கையால் பொட்டு வைத்தார். பிறகு படுதா இல்லாத கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நடுக் கம்பி அமுங்கிருக்கு பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கயிறு பிடித்துக் காட்டச் சொன்னார். ஆமாம், நடுவளைவு பள்ளமாக.

"போன வருசம் பருத்தி மூட்டய மேல ஏத்துனம்லா. அங்கன தண்ணி தேங்கும். எந்தத் துணி போட்டாலும் ஒழுகும்."

இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவர் பேசி எவ்வளவு நாளாயிற்று. கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகுதான் உறைத்தது. பள்ளமான கம்பிக்குப் பொருந்திக் கிடந்த துணியை அளவாக வைத்துத்தானே அண்ணாச்சி வெட்டுகிறார். ஓடினேன். பூசைக்குக் கடை அடைப்பு.

அக். 13, திங்கள்

பிள்ளைகளை விட்டுவிட்டுப் பட்டறை. சூடு காட்டிக் கம்பியை நிமிர்த்தினார்கள். அங்கிருந்து அண்ணாச்சி கடை. துணி வெட்டித் தைத்தே முடித்திருந்தார். போட்டுப் பார்த்தால் முன்னால் அரைச் சாண் குறைவு. இழுத்தால் பட்டன் பிய்கிறது.

அண்ணாச்சிக்குக் கோபம். "நா அளவு தப்பல தாயி. நீ கம்பிய மாத்திட்டு வந்து நிக்க."

"தப்புன்னு யாரு சொன்னா அண்ணாச்சி. இனி என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

படுதாவைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, முன்னால் ஒரு பட்டை சேர்க்கலாம், ஆனால் அது மழை மோதுகிற இடம், தையல் வழியாக இறங்கும் என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை மடியில் போட்டு, ஒரு கையால் மடித்து மடித்துப் பார்த்தார்.

"பட்டை மேல, பெரிய துணி கீழ. விளிம்பு பின்னால பாக்கணும். ஓடுத வண்டில மழை முன்னாலேர்ந்துலா வருது. போய்ச் சொல்லு."

சாயங்காலம் சொன்னேன். ச. அண்ணாச்சி சிரித்துவிட்டார். "டிரைவரு எந்திச்சிட்டாரா?"

அக். 15, புதன்

இரட்டைத் தையல். மூலைகளில் தோல் ஒட்டு. புது பிளாஸ்டிக் வழியாகப் பின்னால் வருகிற லாரி பளிச்சென்று தெரிகிறது. படுதா முரசு மாதிரி விறைப்பு.

வீட்டு வாசலில் வைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். பட்டை நெடுக, ஊசி போன துளையெல்லாம் சொட்டு. திண்டாட்டம்தான். அடுப்படியில் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அழுது முடித்து விளக்கைப் பொருத்தத் தீக்குச்சியை எடுத்தபோது ஞாபகம் வந்தது, மெழுகு. கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் குச்சியை முக்கி எடுக்கிற அதே மெழுகு. தண்ணீர் அண்டாது.

அக். 16, வியாழன்

பழைய ஆபீசில் கேட்டதும் ஒரு கட்டி கொடுத்தார்கள். "இன்னும் நீதான் ஜீப்பு ஓட்டுதியா?" என்று கணக்கப்பிள்ளை. ஆமா என்றேன்.

மத்தியானம் படுதாவைக் கழற்றிக் கட்டிலில் அவர் முன்னால் விரித்தேன். அசையாத இடது கையைத் துணி மேல் பாரமாக வைத்துக்கொண்டு, வலது கையால் தையல் நெடுக மெழுகைத் தேய்த்தார். நான் பின்னாலேயே கரண்டிக் கங்கு காட்டி உருக்கினேன். "இங்கன விட்டுட்ட" என்று ஒரு தடவை சொன்னார்.

திரும்பவும் வாளித் தண்ணீர். உருண்டு ஓடியது.

கால் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அக். 20, திங்கள்

வேகம் எடுத்தால் படபடவென்று அடிக்கிறது. எங்கே என்று தெரியவில்லை, ரோட்டை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. "நீங்க வந்து கேட்டுச் சொல்லுங்க" என்றேன். வரமாட்டார் என்று நினைத்தேன். சட்டை எடுக்கச் சொன்னார்.

பக்கத்து சீட்டில் ஏற்றிவைத்தோம், பிள்ளைகளும் ஒரு கை. பாதி வழியில், "வலது பக்க வார். ஒரு கண்ணி இறுக்கு." இறுக்கினேன். சத்தம் போயிற்று. என் கியர் மாற்றத்தைப் பற்றியும் சொன்னார், அது எழுத வேண்டாம்.

அக். 23, வியாழன்

காலையிலிருந்தே இருட்டு. இன்றும் அவர் கூட வந்தார், தானாகவே. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டியது. வைப்பர் ஓடியும் ரோடு தெரியவில்லை. இரண்டு பக்கமும் கரிசல் குழைந்து கிடக்கிறது. பிள்ளைகள் கத்திப் பாட்டு. மடி காய்ந்தே இருந்தது.

கடைசி ஊர். ராஜம்மா சாக்கை முக்காடு போட்டு ஓடிவந்தாள். மகளைத் தூக்குமுன் சீட்டைத் தடவினாள், பையைத் தடவினாள்.

"காஞ்சிருக்கே. சரி, தீவாளிக்குப் பொறவும் நீயே வா. நா சொல்லிக்கிடுதேன் அவியகிட்ட."

அவரைப் பார்த்து, "சொகமா அண்ணாச்சி?" என்றாள். "இருக்கேம்மா" என்றார்.

திரும்பும்போது நாங்கள் இருவர் மட்டும். அவர் பக்க மூலையில் ஒரே ஒரு சொட்டு, விட்டு விட்டு, அவர் தோளில். அந்த மூலைக்கு மெழுகு போதவில்லை. வலது கை கம்பியைப் பிடித்திருந்தது. இடது கை மடியிலிருந்து மெல்ல எழும்பியது. நெஞ்சு வரை. காது வரை. துணியைத் தொடவில்லை, நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றது.

என்ஜின் நின்றுவிட்டது. நான்தான் கிளச்சை மிதிக்காமல் பிரேக்கை மிதித்திருக்கிறேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு, ஏட்டி" என்றார்.