தெரிந்தே தின்றவளுக்கு

இன்று காலை கடைக்கு எதிரே பலாப்பழ வண்டி வந்து நின்றது. கீரமங்கலத்தில் ஆனி மாதம் இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அறுத்த பழத்தின் வாசனை என் மருந்துக்கடைக்குள் நுழைந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல்தான். நீ போய் ஆறு மாசம் ஆகப்போகிறது, உன்னோடு போட்ட சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

உனக்குக் கிளை நூலகத்தில் வேலை, தபால் வழியில் தத்துவப் படிப்பு. நூலகத்தைப் பூட்டியதும் நேரே என் கடைக்கு வந்து முக்காலியில் உட்காருவாய். அன்றைக்குப் படித்த கிரேக்க ஞானி யாரோ ஒருவரைப் பற்றி ஆரம்பிப்பாய். நான் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விட மாட்டாய்.

நல்ல வாழ்க்கை எது, சந்தோஷம் எது என்று அந்த நாட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதில் அன்றைக்கு உனக்கு எது வசதியோ அந்த ஆள் பக்கம் சாய்ந்துகொள்வதுதான் உன் சாமர்த்தியம். சர்க்கரை இருக்கிறது, சுளையைத் தொடாதே என்றால், "மிதமா இருக்கணும்னுதாண்டி ஒருத்தரு சொல்லியிருக்காரு. மிதங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு நாலு சுளை" என்பாய். ஊசி போட்டுக்கொள் என்றால் உடனே வேறு கூட்டத்துக்குத் தாவிவிடுவாய். "ஒடம்பு நம்ம கையில இல்லடி. மனசு மட்டுந்தான் நம்ம கையில." அப்படியானால் சுளையை எடுத்தது யார் கை என்று கேட்டேன். சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய சண்டை வேறு. கெட்டது என்று உண்மையிலேயே தெரிந்தவர் அதைச் செய்யவே மாட்டார், தப்புச் செய்கிறவர்கள் எல்லாரும் தெரியாமல்தான் செய்கிறார்கள் என்று ஒரு கிரேக்கர் சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருமிக்கொண்டே வந்து மருந்து வாங்கிவிட்டு, படியிறங்கும்போதே பீடி பற்றவைக்கிறவரை நான் தினமும் பார்க்கிறேன். அவருக்குத் தெரியாதா?

"தெரியாதுடி. கேள்விப்பட்டிருக்காரு, அவ்வளவுதான். தெரியிறது வேற."

"அப்ப ஒனக்கு?"

"எனக்கும் இன்னும் தெரியல போல" என்று சொல்லிவிட்டு, இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்த பலாச்சுளையைப் பிரித்தாய். வெளியே போடி என்றேன். போனாய். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தாய்.

பிறகு மார்கழியில் ஒரு நாள், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாய். காட்டச் சொன்னால் காட்டவில்லை. நானே குனிந்து செருப்பைக் கழற்றினேன். பெருவிரலுக்கு அடியில் புண். சுற்றிலும் கறுத்திருந்தது. செருப்பின் அடியில் ஏறி உள்ளே நீட்டிக்கொண்டிருந்த முள், குத்திக் குத்திப் புண்ணாக்கியிருக்கிறது.

"எத்தன நாளாடி இது?"

"தெரியல. வலிக்கவே இல்ல. வலி இல்லாம, மனசுல கலக்கமில்லாம இருக்கிறதுதான் பெரிய சந்தோஷம்னு தோட்டத்துல உக்காந்து ஒருத்தரு சொன்னாரு, தெரியுமா?"

"வலிக்கலன்னா நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம்டி."

செருப்பைக் கையில் வாங்கி, முள்ளின் முனையைத் தடவிப் பார்த்தாய்.

வீட்டுக்காரரைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, கார் பிடித்து உன்னைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். திருப்பூரிலிருந்து உன் தம்பி வந்து சேர்ந்தான். அவர்களும் பார்க்காத வைத்தியமில்லை, ஆனால் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.

ஒரு மத்தியானம், தம்பி சாப்பிடப் போயிருந்தபோது, என்னைக் கிட்டே வரச் சொன்னாய். வீடு, நகை என்று ஏதோ சொல்லப் போகிறாய் என்று காதைக் கொடுத்தேன்.

"அவரு சொன்னது தப்புடி. எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் தின்னேன். நீதான் சரி."

உன்னை அறைய வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷம் போட்ட சண்டையில் ஜெயித்ததை நான் இப்படியா தெரிந்துகொள்ள வேண்டும்?

"தோத்துட்டேன்னு சொல்லாத. எந்திரிச்சு கடைக்கு வந்து சண்ட போடு" என்றேன்.

"சரி, வாரேன்" என்றாய். வரவில்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் உன்னைச் சந்தோஷமாக வாழ்ந்தவள் என்றார்கள். ஒருவருடைய வாழ்க்கை முடிகிறவரைக்கும் அவர் நல்லா வாழ்ந்தார் என்று சொல்லக்கூடாது என்பாய் நீ. முடிந்துவிட்டது, இப்போது என்ன சொல்வது? பிடித்ததைப் படித்தாய், பிடித்ததைத் தின்றாய், அறுபதைக்கூடத் தொடாமல் போய்விட்டாய். இதில் எதைக் கூட்டி எதைக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதைக் கேட்கக்கூட நீதான் வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் சர்க்கரை மாத்திரை வாங்க யார் வந்தாலும், "செருப்பக் கழட்டுங்க, காலக் காட்டுங்க" என்கிறேன். போன வாரம் பூக்கடைக்காரர் ஒருவர், "மாத்திர வாங்க வந்தா, மாட்டுக்குப் பல்லப் பாக்குற மாதிரி காலப் பாக்குதே இந்தம்மா" என்று பக்கத்திலிருந்தவரிடம் முனகினார். ஆனாலும் காட்டினார்.

நல்ல குணம் பிறவியிலேயே வருவதில்லை, செய்யச் செய்யத்தான் படியும், படிந்த பிறகு அதைச் செய்வதே சந்தோஷமாகிவிடும் என்றும் உன் ஆட்களில் ஒருவர் சொல்லியிருக்கிறாராமே. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு காலைப் பார்க்கும்போதும் எரிச்சல்தான் வருகிறது. குனிவதை மட்டும் விட முடியவில்லை.